ஏரி நிறைந்தால் சீர், வற்றினால் எண்ணெய்

கலங்கலுக்கு அந்தப் பக்கம் என் தம்பி ஏழுமலை நின்றிருந்தான். இடுப்பு வரைக்கும் சேறு. கக்கத்தில் ஒரு மஞ்சள் பை. எனக்கும் அவனுக்கும் நடுவில் ஊசுட்டேரி வழிந்து ஓடிக்கொண்டிருந்தது.

ஏரி நிறைந்து, மிச்சத் தண்ணீர் கல்கட்டின் மேலேறி வழிவதை எங்கள் பக்கத்தில் ‘கோடி போவுது’ என்போம். அப்படி வழிகிற இடத்துக்குத்தான் கலங்கல் என்று பெயர். கோடி போகிற அன்று சுற்றுவட்டாரச் சனம் மொத்தமும் அங்கேதான் இருக்கும். மஞ்சள் தண்ணீர், கற்பூரப் புகை, உடைத்த தேங்காயின் ஈர வாசனை. ஒரு பக்கம் பெண்கள் பூவை எடுத்துத் தண்ணீரில் விட்டார்கள். இன்னொரு பக்கம் ஆண்கள் வலையைப் பிடித்துக்கொண்டு, துள்ளி விழுகிற கெண்டைக்குக் காத்திருந்தார்கள்.

என் கூட நடவுக்கு வருகிற பச்சையம்மா முழங்கையால் என்னை இடித்தாள்.

“யக்கா, தோ பாரு உன் தம்பி. சீர் வந்துடுச்சு. இன்னும் ஏன் மூஞ்சிய உர்ருனு வெச்சிருக்குற?”

எனக்கு எங்கே சிரிப்பு வரும்? சில நாட்களுக்கு முன்னால்தான் அவன் என்னைப் பார்த்து, “உன் ஏரி நெறையட்டும், நீ நல்லா இரு. இனிமே இந்தாண்ட வராத” என்று சொல்லியிருந்தான். கூடப் பிறந்தவன் வாயிலிருந்து வந்த சொல். நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

தண்ணீர் இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது. கையைத் தூக்கிக் காட்டினேன். அவன் என்னைப் பார்த்தான். பையைக் கக்கத்திலிருந்து எடுத்தான். என்ன நினைத்தானோ, மறுபடியும் இடுக்கிக்கொண்டு திரும்பி நடந்துவிட்டான்.

“அய்ய, வந்த சீரு திரும்பிப் போவுதே” என்றாள் பச்சையம்மா. நாக்கில் சனி.

அவன் ஏன் வந்தான், ஏன் திரும்பினான் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் ஏரியைச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு எதையும் நேராகச் சொல்லிப் பழக்கமில்லை என்பது இத்தனை வாரமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

ஒரே ஒரு கரை

மூலக்குளத்தில் இப்போது எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். இங்கே பக்கத்து மேட்டுப்பாளையத்தில் இருக்கிற என் கம்பெனி வேனைப் பற்றி நான் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, அவர் போனும் கையுமாக வந்து நின்றார்.

“மதாம், இதுல பாருங்க. ஏரின்னு நீலமாப் போட்டிருக்கான். நான் நேத்து ஸ்கூட்டர்ல போய்ப் பாத்தேன். நீலம் இருக்குற எடத்துல ஒருத்தன் உழுதுகிட்டு இருக்கான். நான் இருந்த ஊர்ல ஏரின்னா அது எப்பவும் அதே எடத்துல இருக்கும். இங்க என்னா, ஏரி நடக்குதா?”

நல்ல கேள்வி. நான் பிறந்ததே ஏரியோரம். ஆனால் இந்தக் கேள்வி எனக்கு வர ஐம்பது வயதாகியிருக்கிறது. வீட்டில் இருக்கிற ஆளை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை, அந்தக் கதைதான்.

“முசியே, நம்ம ஏரிக்கு ஒரு பக்கம்தான் கரை” என்றேன்.

மனிதர் நம்பவில்லை. உள்ளே கூட்டிப்போய் ஒரு தட்டை எடுத்தேன். ஒரு ஓரத்துக்குக் கீழே கரண்டியைச் செருகிச் சாய்த்து வைத்தேன். ரசத்தை ஊற்றினேன். தாழ்ந்த பக்கத்தில் தட்டின் விளிம்பு ரசத்தைத் தடுத்து நிறுத்தியது. உயர்ந்த பக்கத்தில் தடுக்க எதுவும் இல்லை. இருக்கிற ரசத்துக்குத் தகுந்தபடி அது பாட்டுக்கு ஏறியது, இறங்கியது. தாழ்ந்த பக்கத்து விளிம்புதான் கரை. அந்தக் காலத்தில் யாரோ மண் சுமந்து போட்ட மேடு. மேலே ஏறுகிற பக்கத்துக்கு விளிம்பே கிடையாது. அன்றைக்குத் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அதுதான் ஏரியின் முடிவு.

சொல்தா ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “குடிக்கலாமா?” என்று கேட்டார்.

இன்னொரு வேடிக்கை உண்டு. ஏரி என்றால் பள்ளம் என்று நினைக்கிறார்கள் பாருங்கள், கரைக்குக் கீழே ரோட்டில் நின்று ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டும். நிறைந்த ஏரியின் தண்ணீர் நம் தலைக்கு மேலே நிற்கிறது. இந்தாண்ட கழனியில் நிற்கிற தென்னையின் இடுப்பும் அந்தாண்ட அலை அடிக்கிற மட்டமும் ஏறக்குறைய ஒன்று. அதனால்தான் மதகைத் தூக்கினால் தண்ணீர் மோட்டார் இல்லாமல் தானாகக் கழனிக்கு இறங்குகிறது.

தண்ணீர் வருகிற வழியும் நேர்வழி இல்லை. செஞ்சி மலைப் பக்கம் பெய்கிற மழை சங்கராபரணியில் சேர்ந்து, வீடூர் அணையைத் தாண்டி வருகிறது. சுத்துக்கேணி வாய்க்கால் அதில் ஒரு பங்கைப் பிரித்து எங்கள் ஏரிக்குக் கொண்டுவருகிறது. புதுச்சேரியில் வெயில் சுள்ளென்று அடிக்கும், ஏரி ஏறிக்கொண்டிருக்கும். சின்ன வயதில் எனக்கு இது பெரிய மர்மம். வானத்தைப் பார்ப்பேன், ஏரியைப் பார்ப்பேன். எங்கோ பெய்த மழை நடந்து வர நாளாகும் என்று யாரும் சொல்லவில்லை. நானாகக் கண்டுபிடித்தபோது எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டிருந்தது.

ஏரியில் ஒரு பங்கு புதுச்சேரி, ஒரு பங்கு தமிழ்நாடு. தண்ணீருக்கு அது தெரியாது. மீன் பிடிக்கிறவர்களுக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.

மேலே தம்பி, கீழே நான்

என் அப்பாவுக்கு நிலம் அந்தாண்ட, கரை இல்லாத பக்கம். மேடாக ஏறிப் போகிற புன்செய்க் கொல்லை. ஏரி முழுதாக நிறைகிற வருஷம் அதில் பெரும்பகுதி தண்ணீருக்குள் போய்விடும். ஏரி காய்கிற வருஷம் அதைப் போல மண் எங்கும் கிடையாது. வண்டல் படிந்த பூமி. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டால் கொத்துக் கொத்தாக வரும். மரவள்ளி தொடை பருமனுக்கு இறங்கும்.

என்னைக் கட்டிக்கொடுத்தது இந்தாண்ட, கரைக்குக் கீழே கழனி வைத்திருக்கிற வீட்டில். இங்கே நேர்மாறு. ஏரி நிறைந்தால் நெல்லு. காய்ந்தால் போர் தண்ணீரில் ஒரு துண்டு மட்டும் பச்சையாக இருக்கும், மிச்சமெல்லாம் மாடு மேயும்.

எனக்கு அப்போது டவுனிலிருந்தே ஒரு மாப்பிள்ளை வந்தது. மில்லில் வேலை, குழாயைத் திருகினால் தண்ணீர், தெருவில் லைட்டு. அப்பா வேண்டாம் என்றுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, “ஏரிக்குக் கீழ ஒண்ணு இருக்கட்டும்” என்றார். என்னவோ தென்னங்கன்று நடுகிற மாதிரி! அந்த வார்த்தைக்காக நான் அவரிடம் வருஷக்கணக்கில் கோபமாக இருந்தேன். கழனிச் சேற்றில் கால் வைக்கும்போதெல்லாம் திட்டினேன். பிறகு அந்த மில்லும் மூடிப்போனது, அது வேறு கதை.

கல்யாணத்தன்று இன்னொன்றும் சொன்னார். “ஏரி நெறைஞ்சு கோடி போற அன்னைக்கு உனக்குப் பொறந்த வூட்டுச் சீரு வரும். ஏரி வத்திப்போனா, தை மாசம் நீ நம்ம ஐயனாருக்கு வெளக்கெண்ணெ கொண்டாரணும். ரெண்டுல எதுவும் தவறக் கூடாது.”

ஏதோ வேண்டுதல் போல என்று நினைத்தேன். காய்ந்த வருஷங்களில் எண்ணெய்த் தூக்கும் கூடையுமாக அந்தாண்ட போவேன். ஐயனாருக்கு விளக்கு வைத்துவிட்டு, அம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மல்லாட்டை மூட்டையோடு திரும்புவேன். நிறைந்த வருஷங்களில் அப்பா மஞ்சள் பையில் புடவையோடு வருவார். அப்பா போன பிறகு ஏழுமலை வர ஆரம்பித்தான்.

இதில் எனக்கு ஒரு சந்தேகம் வெகுநாளாக உண்டு. ஏரி நிறைந்தால் லாபம் எனக்கு, நஷ்டம் அவனுக்கு. அப்படியிருக்க, கொல்லை முழுகிப்போனவன் எதற்கு நெல் விளையப் போகிறவளுக்குச் சீர் கொண்டுவர வேண்டும்? நியாயமாக நான்தானே கொடுக்க வேண்டும்? எங்க வீட்டுக்காரரிடம் கேட்டால், “உனக்குப் புடவை வந்தா கட்டிக்க. கணக்கு ஏன் பாக்குற?” என்பார்.

மதகைத் திற

நான் சொல்கிற வருஷத்துக்கு முன்னால் ஏரி நிறைந்து நெடுநாளாகியிருந்தது. தண்ணீர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஏழுமலைக்குத் துணிச்சல் வந்துவிட்டது. கொல்லை முழுக்க மரவள்ளி வைத்தான். மேட்டில் மட்டும் வைக்க வேண்டியதைப் பள்ளம் வரைக்கும் இறக்கி வைத்தான். கார்த்திகை முடிந்து பிடுங்கலாம் என்று இருந்தான். அந்த விளைச்சலை நம்பித்தான் மகளை நர்சிங் படிப்பில் சேர்த்திருந்தான்.

ஐப்பசி பாதியில் மழை பிடித்தது. இங்கேயும் பெய்தது, செஞ்சிப் பக்கமும் பெய்தது. வாய்க்கால் செக்கச் செவேலென்று வந்தது. காலையில் ஒரு மட்டம், சாயங்காலம் ஒரு மட்டம்.

மரவள்ளிக்குத் தண்ணீர் எமன். வேரில் தண்ணீர் நின்றால் சில நாளில் கிழங்கு உள்ளேயே அழுகிவிடும். வெளியே இலை பச்சையாக இருக்கும், பிடுங்கினால் நாறும்.

ஏழுமலை எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தான். நின்றுகொண்டே பேசினான்.

“யக்கா, மாமாகிட்ட சொல்லு. இந்தாண்ட விவசாயிங்க எல்லாம் ஒண்ணா கேட்டா மதகத் தொறப்பாங்க. கொஞ்ச நாள் தொறந்து வுட்டாப் போதும். தண்ணி எறங்குனதும் நான் கெழங்கப் புடுங்கிக்குவேன். அப்பறம் மூடிக்குங்க.”

எங்க வீட்டுக்காரர் உள்ளே இருந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்னால் நான் மனசுக்குள் ஏரியை நடந்து பார்த்துவிட்டேன். மாடியில் தண்ணீர்த் தொட்டி நிறைந்துகொண்டிருக்கிறது, மோட்டார் ஓடுகிறது. அப்போது கீழே சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டால் தொட்டி நிறையாமல் இருக்குமா? வாய்க்கால் கொண்டுவருகிற தண்ணீருக்கு மதகின் வாய் எந்த மூலைக்கு? போதாததற்குக் கீழே கழனியில் நட்ட பயிர் வேர் பிடிக்கவில்லை. ஏற்கெனவே மழைத் தண்ணீர் வடியாமல் நிற்கிறது. மதகையும் திறந்தால் அவன் கொல்லையும் போகும், எங்கள் கழனியும் போகும்.

இதை அவனுக்குச் சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

“உனக்குத் தண்ணி வேணும், அதனால பேசுற” என்றான்.

“அட கூறு கெட்டவனே, தொறந்தாலும் உனக்கு எறங்காதுடா!”

“தொறந்து பாத்தாத் தெரியும்.”

“தொறந்து பாத்துட்டு எறங்கலன்னா? என் பயிர யாரு தூக்கி நிறுத்துறது?”

“அதான் சொல்றேன். உனக்கு உன் பயிரு.”

சாப்பிடச் சொன்னேன், சாப்பிடவில்லை. போய்விட்டான். அவன் போனதும் எனக்கு அழுகையாக வந்தது. நான் சொன்னது சரி. சரியாகச் சொன்னதால் அவன் கிழங்கு பிழைத்துவிடப் போகிறதா?

குச்சி நனையவில்லை

மறுநாள் கம்பெனி வேலைக்கு லீவு சொன்னேன். பச்சையம்மாவையும் இன்னும் சில பெண்களையும் கூட்டிக்கொண்டு அந்தாண்ட போனேன். தண்ணீரை இறக்க முடியாவிட்டால் கிழங்கைத்தானே ஏற்ற வேண்டும்?

ஏழுமலை எங்களைப் பார்த்து வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவன் பெண்டாட்டி செல்விதான், “வாங்கண்ணி” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஏரியைப் பார்த்த பக்கம், கொல்லையின் தாழ்ந்த ஓரத்தில், அவன் ஒரு குச்சி நட்டிருந்தான். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். தண்ணீர் குச்சியைத் தொட்டதா, தாண்டியதா என்று பார்த்துத்தான் ஏரி ஏறுகிற வேகத்தைச் சொல்வார்கள். குச்சிக்கும் தண்ணீருக்கும் இன்னும் நல்ல தூரம் இருந்தது.

அதனால் குச்சிப் பக்கத்திலிருந்து பிடுங்க ஆரம்பித்தோம். ஏரி வந்தால் அந்தப் பக்கமாகத்தானே வரும்? முதலில் நனைகிற இடத்தை முதலில் காலி செய்வோம் என்று கணக்கு. மண் ஊறிக் கிடந்ததால் தண்டைப் பிடித்து இழுத்தாலே கிழங்கு கொத்தாக வந்தது. மழை விட்டு விட்டுப் பெய்தது. பச்சையம்மா ஒரு பெரிய கிழங்கைத் தூக்கித் தோளில் சாத்திக்கொண்டு, “இது என் மாமியார் காலு” என்று எல்லோரையும் சிரிக்க வைத்தாள். ஏழுமலைக்கே உதடு கோணியது.

பிடுங்கியதை மேட்டில் இருந்த கொட்டகைக்குக் கொண்டுபோய்ப் போட்டோம். நடுநடுவே யாராவது ஓடிப்போய்க் குச்சியைப் பார்த்துவிட்டு வந்து, “நனையல, நனையல” என்று கத்துவார்கள். எங்களுக்கும் கை சுறுசுறுப்பாகும்.

மத்தியானத்துக்கு மேல் செல்வி கொட்டகைப் பக்கம் போனவள் அங்கிருந்து கூச்சல் போட்டாள். என்னவோ பாம்பு என்று நினைத்து ஓடினோம்.

தண்ணீர் பின்பக்கத்தில் நின்றது.

கொல்லைக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒரு பழைய ஓடை உண்டு. மழைக்காலத்தில் மேட்டுத் தண்ணீர் அது வழியாக ஏரிக்கு இறங்கும். பல வருஷமாக ஏரி அங்கே வராததால், ஓடை ஓடை மாதிரியே இல்லை. சமன் செய்து அதிலும் மரவள்ளி வைத்திருந்தான். ஏரித் தண்ணீர் எங்களை நோக்கி நேராக ஏறி வரவில்லை. கொஞ்சம் தள்ளி, ஓடை ஏரியில் சேர்கிற வாய் வழியாக நுழைந்து, பள்ளம் பள்ளமாகத் தேடி, சத்தமில்லாமல் எங்கள் முதுகுப் பக்கம் வந்து நின்றுவிட்டது. மேலிருந்து வந்த மழைத் தண்ணீரும் போக வழியில்லாமல் அதோடு சேர்ந்துகொண்டது. நாங்கள் முன்பக்கத்துக் குச்சியைக் காவல் காத்துக்கொண்டிருந்தோம்.

ஏரியின் அடி தட்டு மாதிரி வழவழப்பானது இல்லை. அதற்குள் பழைய ஓடை இருக்கிறது, மேடு இருக்கிறது, மறந்துபோன வழி இருக்கிறது. மனிதன் மறந்ததைத் தண்ணீர் மறக்காது. அன்றைக்குத்தான் எனக்கு இது புரிந்தது. எவ்வளவு அழகான விஷயம் என்று ஒரு நொடி வாயைப் பிளந்து நின்றேன். அந்த நேரத்தில் எனக்கு அது தேவையா? என் புத்தி அப்படி.

பிறகு விழுந்தடித்துக்கொண்டு பின்பக்கம் பிடுங்கினோம். முழங்கால் ஆழத் தண்ணீரில் தண்டைத் தடவிப் பிடித்து இழுத்தோம். பாதிக் கிழங்கு கையோடு வந்தது, பாதி உடைந்து மண்ணிலேயே நின்றது. இருட்டுகிறவரை பிடுங்கியும் ஏறக்குறைய பாதிக் கொல்லைதான் காப்பாற்ற முடிந்தது. மறுநாள் போனபோது மிச்சத்தின் மேல் தண்ணீர் அலையடித்தது. குச்சியைக் காணவில்லை.

ஏழுமலை வரப்பில் நின்றான். நான் பக்கத்தில் போய் அவன் தோளைத் தொட்டேன். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னான். உன் ஏரி நெறையட்டும், நீ நல்லா இரு, இனிமே இந்தாண்ட வராத.

பை

சரி, கலங்கலுக்குத் திரும்புவோம். அவன் திரும்பிப் போய்விட்டான். பச்சையம்மா கொடுத்த தேங்காய்ச் சில்லை முந்தானையில் முடிந்துகொண்டேன். எல்லோரும் குலவை போட்டுக்கொண்டிருக்கும்போதே நான் கிளம்பிவிட்டேன். ஏரி நிறைந்த வருஷத்தில் வயிறெரிந்து வீட்டுக்கு நடந்தவள் அந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சாயங்காலம் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது வாசல் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஏழுமலை காலைக் கழுவிக்கொண்டிருந்தான். பை குழாய்த் திட்டின் மேல் நனையாமல் உட்கார்ந்திருந்தது.

“கலங்கல்ல பாத்துட்டு ஏன் திரும்பிப் போன?” என்றேன்.

“அந்தாண்டயிலேந்து பைய வீசவா முடியும்? சுத்திக்கிட்டுதான வரணும். பஸ்சு வேற இல்ல.”

“என்னைய வராதன்னு சொன்ன.”

“நீ அங்க வராதன்னு சொன்னேன். நான் இங்க வரமாட்டேன்னா சொன்னேன்?”

எங்க வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, “வா ஏழுமல, உக்காரு” என்றார். அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பையிலிருந்து புடவையை எடுத்து நீட்டினான். மாம்பழ மஞ்சள், பச்சைக் கரை. கொல்லை பாதி முழுகிப்போனவன் எடுத்துக்கொண்டு வந்த புடவை.

“கலரு புடிக்கலன்னா செல்விய ஏசு. நான் எடுக்கல.”

கெண்டைக் குழம்பு வைத்திருந்தேன். மூன்று தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவன் தின்பதைப் பார்க்கும்போதுதான், இத்தனை நாளாக அவன் வீட்டில் என்ன பொங்கினார்களோ என்ற நினைப்பு எனக்கு வந்தது. கொட்டகையில் போட்ட கிழங்கை நல்ல விலை வரும் முன்னே லாரிக்குத் தள்ளியிருந்தான். மகளின் படிப்புக்கு அது போனது.

சீர் வந்த பையை வெறும் பையாகத் திருப்பி அனுப்பக் கூடாது. எங்கள் பக்கத்துப் பழக்கம். தாலி கட்டிய நாளிலிருந்து செய்கிறேன். கொஞ்சம் அரிசி போட்டு அனுப்பலாம் என்று மஞ்சள் பையை எடுத்துக் கையை விட்டேன்.

அடியில் என்னவோ தட்டுப்பட்டது. இழுத்தேன். நாலாக மடித்த ஒரு சாக்கு.

பெரிய சாக்கு. ஒரு மூட்டை பிடிக்கிற சாக்கு.

எனக்குக் கை அப்படியே நின்றது. அது புதிதில்லை. அப்பா வரும்போதும் புடவைக்கு அடியில் இதே மாதிரி மடித்த சாக்கு இருக்கும். நானும் யோசிக்காமல் அதை உதறி, நெல்லோ அரிசியோ போட்டுக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். காய்ந்த வருஷங்களில் நான் எண்ணெய்த் தூக்கோடு போகும்போது என் கூடையின் அடியில் என்ன இருந்தது? மடித்த சாக்குதான். என் மாமியார் வைத்துக் கொடுப்பார். அவருக்குப் பிறகு நானே வைத்தேன். மல்லாட்டை கொண்டுவர வேண்டுமே என்று வைத்தேன். அதற்கு மேல் என் மூளை ஓடியதில்லை.

ஏரிக்குக் கீழ ஒண்ணு இருக்கட்டும்.

அப்பா மேலே ஒரு பிள்ளையையும் கீழே ஒரு பிள்ளையையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஏரி நிறைந்தாலும் வற்றினாலும் இரண்டில் ஒரு வீட்டில் அடுப்பு எரியும். எரியாத வீட்டிலிருந்து எரிகிற வீட்டுக்குச் சாக்கைத் தூக்கிக்கொண்டு சும்மா வந்து நிற்கக் கூசுமே, அதற்கு மேலே ஒரு புடவையை வைத்தார். என் கூடைக்கு மேலே ஒரு தூக்கு எண்ணெயை வைத்தார். நான் ஒரு நாளும் தம்பி வீட்டில் கையேந்தியதாக நினைத்ததில்லை. ஐயனாருக்குத்தானே போனேன்!

பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் சாக்கை எடுத்துக்கொண்டு போயிருப்பேனா என்பது வேறு விஷயம். எனக்கு அழுகை முட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன். ஏழுமலை குழம்புச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்திருந்தது என்று அவன் குனிந்த கழுத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அரிசி டிரம்மில் பாதிதான் இருந்தது. போர் தண்ணீரில் அந்த ஒரு துண்டுக் கழனியில் விளைந்தது. அடுத்த அறுப்பு வரைக்கும் அதுதான். எங்க வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

“என்னா பாக்குற? ஏரி நெறைஞ்சிருக்குது. எடுத்துக் கொட்டு” என்றார்.

சாக்கை உதறி ஏழுமலை கையில் கொடுத்தேன். அவன் சாக்கு வாயை விரித்துப் பிடித்தான். நான் முறத்தால் அள்ளி அள்ளிக் கொட்டினேன். கால் சாக்கு ஏறியது, அரைச் சாக்கு ஏறியது. டிரம்மின் அடியில் முறம் உரசியது.

“போதும்கா” என்றான். “உங்களுக்கு வேணாமா? போதும்.”

“மூச்சு வுடாத” என்றேன். “ஏரியே கோடி போவுது. உனக்கு என்னடா போதும்? நல்லா விரிச்சுப் புடி.”